தம்பி என்று எழுதிய பதினான்கு படிவங்கள்

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். காலை எட்டு மணிக்குள் ஒன்பது பேரைக் குளிப்பாட்டிவிட வேண்டும். அதில் ஒரு தாத்தாவுக்குத் தன் பெயரே நினைவில்லை. என்னைச் சில நாள் அக்கா என்பார், சில நாள் டாக்டர் என்பார். இருந்தாலும் அவர் சட்டைப் பொத்தானில் கை வைக்கும் முன் திரையை இழுத்து மூடியாக வேண்டும். மறந்தால் மேற்பார்வையாளர் அம்மா என்னைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவாள். நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஊரில், இரண்டு பேருந்து மாறிப் போனால் வருகிற குடியேற்றத் தடுப்பு மையத்தில், என் தங்கையை முப்பது ஆண்களோடு திரையில்லாத குழாய் வரிசையில் நிறுத்தி, குளி என்றார்கள். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் உரிமம் பெற்று நடக்கிற இடங்கள். 

என் தங்கையை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது பையன் என்றார்கள், பையனாகத்தான் வளர்த்தார்கள். பதினாறு வயதில் ஒரு நாள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "நான் பொண்ணும்மா" என்று சொன்னாள். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னுடைய பழைய உடைகளை எடுத்து, இடுப்பில் பிடித்துத் தைத்து, அவள் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு நாலு வருஷம் பிடித்தது. வாலு என்ற பெயருக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது என்பதால் கூப்பிடுகிற விஷயத்தில் மட்டும் யாருக்கும் சிரமமில்லை.

அவள் தொழில் வண்டி சீட்டுக்கு உறை தைப்பது. வண்டிக்குள் தலையை நுழைத்து ஒரு பார்வை பார்த்தாளென்றால் எத்தனை மீட்டர் துணி, எங்கே வெட்டு, எங்கே மடிப்பு எல்லாம் சொல்லிவிடுவாள். தடித்த ஊசி குத்திக் குத்திக் கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கும். பட்டறையில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை மேஸ்திரி என்பார்கள். அவளும் அதை மறுக்கமாட்டாள், கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்தப் பட்டறை வாசலில்தான் ஒரு நாள் மதியம் நாலு பேர் அவளை இழுத்துப் போட்டு அடித்தார்கள். இடது கை முறிந்தது. போலீசுக்குப் போனால், இப்படி உடுத்திக்கொண்டு திரிந்தால் அடிக்காமல் என்ன செய்வான் என்று எழுத்தர் சிரித்தாராம். அதற்குள் நான் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கிளம்பி வா என்றேன். வந்தாள். இங்கேயும் ஒரு சீட் பட்டறையில் வேலை கிடைத்தது. வேலை அனுமதி முதலாளி பெயரோடு ஒட்டியது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டறையை இழுத்து மூடிவிட்டுப் போனான். அவனோடு இவள் அனுமதியும் போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் தலைமறைவாக எங்காவது தைத்துப் பிழைத்திருப்பார்கள். இவள் காகிதங்களையெல்லாம் ஒரு உறையில் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன செய்யணும் என்று கேட்கத் தானாகவே குடியேற்ற அலுவலகத்துக்குப் போனாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். அங்கிருந்து நேராக வேனில் ஏற்றினார்கள். திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று அடைக்கலம் கேட்டு மனுப் போட்டாள். முடிவு வரும்வரை உள்ளேதான் என்றார்கள். பாஸ்போர்ட்டில் ஆண் என்று இருந்ததால் ஆண்கள் பிரிவு. எட்டு வருஷமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதற்கு டாக்டர் கொடுத்த கடிதம் கோப்புக்குள் போனது. போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்க விடுவார்கள். போனதும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் உறவுமுறை என்று ஒரு கட்டம். முதல் வாரம் நான் தங்கை என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கிழித்தார். அந்தக் கைதி எண்ணில் இருப்பது ஆண், விவரம் பொருந்தாவிட்டால் உள்ளே விடமுடியாது என்றார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. பார்க்கும் நேரம் முடிய இருபது நிமிஷம்தான் இருந்தது. இன்னொரு படிவம் வாங்கி, தம்பி என்று எழுதினேன். கதவு திறந்தது. அடுத்த வாரமும் அதையே எழுதினேன், அதற்கடுத்த வாரமும். ஒரு துண்டுக் காகிதத்தை எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்தேன். வாலுவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். "எழுதிட்டுப் போக்கா, பேப்பர்தானே" என்றாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அவள் தலை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. எப்போதும் பளிச்சென்று இருக்கிறவள். கேட்டபோது மென்று விழுங்கினாள். பிறகு சொன்னாள். எதிர்க் கட்டிலில் ஒருவன் இருக்கிறான், அவனை எல்லாரும் தடியன் என்கிறார்கள், முதலில் வாய்ப்பேச்சாக இருந்தது, இப்போது கை நீளுகிறது, அதனால் குளிக்கப் போவதை நிறுத்திவிட்டேன், போர்வைக்குள் ஈரத் துண்டால் துடைத்துக்கொள்கிறேன் என்றாள். காவலர்களிடம் சொன்னாயா என்றேன். சொன்னாளாம். விளையாட்டுக்குச் செய்வார்கள், பெரிதுபடுத்தாதே என்று ஒருவர் அறிவுரை சொன்னாராம்.

ஐந்தாவது வாரம், உடம்பு நாறுகிறது என்று புகார் வந்து, காவலரே அவளைக் குளிக்க அனுப்பியிருக்கிறார். குழாய் வரிசையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், தடியன் வந்தான். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மேஜைக்கு மேலே கையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் அனுமதி உண்டு. பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் இருந்தது.

அவள் எழுத்தில் புகார் கொடுத்தாள். துணிச்சல்காரி. அதற்கு அவர்கள் எடுத்த நடவடிக்கை என்ன தெரியுமா? அவளைத் தூக்கித் தனி அறையில் போட்டார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்பு அறை. ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் பூட்டு, ஒரு மணி நேரம் மட்டும் முற்றத்தில் நடை. ஜன்னல் கிடையாது, பேச ஆள் கிடையாது. தடியன் அதே கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். காவல் மேலாளரிடம் போய், வீட்டுக்குள் திருடன் வந்தால் வீட்டுக்காரியைப் பிடித்துப் பூட்டுவீர்களா என்று கேட்டேன். எல்லாம் அவர் பாதுகாப்புக்காகத்தான் என்றார். வேறு ஒரு வாக்கியமும் அந்த வாயிலிருந்து வரவில்லை. மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இல்லையாம்.

பத்தொன்பது நாள் தாங்கினாள். "சுவரோட பேச ஆரம்பிச்சுட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு, தானே எழுதிக் கொடுத்துப் பழைய கூடத்துக்கே திரும்பிப் போனாள். கட்டிலை மட்டும் இரண்டு வரிசை தள்ளிப் போட்டார்கள். பெரிய மனசு. அதன்பிறகு அவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் கண்ணை மூடினாள்.

இலவசமாக வழக்கு நடத்தும் வக்கீலம்மா ஒருத்தி கிடைத்தாள். மெலிந்த உடம்பு, ஆனால் விட்டுக்கொடுக்காத பிறவி. அடைக்கல மனு முடிய மாதக்கணக்காகும், அதுவரை உயிரோடு இருக்கப் பெண்கள் பிரிவுக்கு மாற்றுவதுதான் வழி என்று இடமாற்றக் குழுவுக்கு எழுதினாள். வாலு அவளிடம் ஒன்று சொல்லியிருந்தாள். மாற்றவில்லை என்றால், சொந்த விருப்பத்தில் நாடு திரும்புகிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவாளாம். போட்டால் பத்து நாளில் விமானம். இறங்குகிற இடத்தில் அவள் கையை முறித்த நாலு பேர். 

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் இடமாற்ற அதிகாரி. குரலை உயர்த்தாதவர், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறவர். வக்கீலம்மா டாக்டர் கடிதத்தைக் காட்டினாள், புகாரைக் காட்டினாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பிலிருந்து காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். பதினான்கு. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

"இவங்க சொந்த அக்காவே வாராவாரம் தம்பின்னுதான் எழுதியிருக்காங்க. குடும்பமே ஒத்துக்காதத நாங்க எப்படி ஒத்துக்கிறது?"

 டாக்டரின் எட்டு வருஷத்துக்கு அந்த மேஜையில் மதிப்பில்லை. மணிக்கட்டுத் தடத்துக்கு மதிப்பில்லை. இருபது நிமிஷ அவசரத்தில் நான் கிறுக்கிய ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. வாலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லைக்கா என்பதுபோல் பார்த்தாள். நான் எழுந்து, உங்கள் எழுத்தர்தான் அப்படி எழுத வைத்தார் என்றேன். இந்த விசாரணையில் எனக்குப் பேச இடமில்லை, சொல்ல வேண்டியதை ஒரு வாரத்துக்குள் சத்தியப் பத்திரமாகக் கொடுக்கலாம் என்றார் அவர். தண்ணீர் வேண்டுமா என்று அப்போதும் கேட்டார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா ஒளிக்காமல் சொன்னாள். பதினான்கு முறை தெரிந்தே பொய் எழுதினேன் என்று நான் சத்தியம் செய்ய வேண்டும். எழுத்தர் சொன்னதற்குச் சாட்சி இல்லை, அவர் மறுத்துவிடுவார். அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதியது குற்றம். என் தங்கும் அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. இதை எடுத்து வைத்து மறுத்தாலும் மறுப்பார்கள்.

என் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். பேருந்தில் டிக்கெட் இல்லாமல் போவதாகக் கனவு கண்டால்கூட வேர்த்து எழுந்திருப்பார். "உன்னையும் சேத்துப் பெட்டி கட்டச் சொல்லிருவாங்க" என்றார். நான் ஆடித் தீர்த்தேன். அவள் அங்கே கண்ணை மூடப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே கட்டிலில் படுத்து எதைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் எழுந்து போய் ஒரு பேனாவை எடுத்துவந்தார். பிறகு சாட்சிக் கையெழுத்து தேவைப்படுமா என்று வக்கீலம்மாவிடம் கேட்கச் சொன்னார், தான் போடுவதாக. அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக நான் சந்தோஷப்பட்ட நாள்களில் அது ஒன்று.

பத்திரத்தில் ஒன்றையும் விடவில்லை. எழுத்தர் கிழித்த முதல் படிவத்தையும் எழுதினேன். எனக்கு இருப்பது ஒரு தங்கை, தம்பி எனக்குக் கிடையவே கிடையாது, பதினான்கு முறை எழுதியதும் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. பெண்கள் பிரிவுக்கு மாற்றம். ஒரே வரி. நடந்ததற்கு வருத்தம் என்று ஒரு சொல் கிடையாது. தடியன் மேல் கொடுத்த புகாரை, போதிய சாட்சியம் இல்லை என்று முடித்துவிட்டார்களாம். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள், முப்பது பேருக்கும் கண் இல்லை போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புது உள்ளாடையும் தலைக்கு ஷாம்புவும் வாங்கிக்கொண்டு போனேன். அதே எழுத்தர். கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு என் பார்வையாளர் அனுமதி ரத்து என்றார். காரணம், பொய்த் தகவல். எழுதச் சொன்ன வாயே அதைச் சொன்னது, முகத்தில் ஒரு அசைவு இல்லை. நான் அங்கே போட்ட சத்தத்தில் வரிசையே ஒதுங்கி நின்றது. காவலர் வந்து என்னை வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார்கள். என் அனுமதி புதுப்பிப்பைப் பற்றித் தனியாக விசாரிப்பார்கள் என்றும் அதில் இருந்தது. இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை வாலு போனில் வந்தாள். பத்து நிமிஷம் கொடுப்பார்கள். மூன்று நாளாகப் படுத்துத் தூங்குவதாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி மதியச் சாப்பாட்டுக்கு உலுக்கி எழுப்ப வேண்டியிருந்ததாம். ஏன் வரவில்லை என்று கேட்டாள். மறைக்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இனி எந்தக் காகிதத்தையும் அவளிடமிருந்து மறைக்க எனக்கு மனமில்லை. கடிதத்தை எடுத்துப் படித்தேன். மையத்தில் தடுத்து வைக்கப்பட்டுள்ள தங்கள் தங்கையைத் தம்பி என்று பதினான்கு முறை பொய்யாகக் குறிப்பிட்டுள்ளீர்கள் என்று முதல் வரி. அதன் பிறகு சட்டப் பிரிவு எண், தண்டனை, முத்திரை. படித்துக்கொண்டே போனவள், அநியாயக்காரர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவள் குரல் குறுக்கே வந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"அக்கா, அரசாங்கமே அப்படி எழுதியிருக்கா? தங்கைன்னு?"

"ஆமாடி. முத்திரையோட."

"அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படி."

ஆத்திரம் தீராமலேதான் படித்தேன். மணி அடித்து இணைப்பைத் துண்டிக்கும்வரை திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.