ஸ்வெட்டர் கழற்றிய மாதம்

அப்புத்தளையில் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். வரைபடத்தைப் பார்த்து எழுதும் கேள்வி என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். கோடு ஏறினால் இன்ன சொல், இறங்கினால் இன்ன சொல், மளமளவென்று இறங்கினால் அதற்கென்று ஒரு சொல் எனப் பலகை நிறைய எழுதிப் போடுவேன். படத்தில் இல்லாத ஒன்றை எவனாவது எழுதினால் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன். அந்தப் பேனாவின் திமிர் வகுப்போடு நின்றிருக்கலாம்.

என் அக்காவுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதாமாதம் பிள்ளைகளின் எடையைப் பார்த்து, கோடு வரைந்து, அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை ஒழுங்காகப் போனால்தான் நிரந்தரம்.

மார்ச் மாத அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தாள். எல்லாப் பிள்ளைகளின் கோடும் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தது. கீழே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பனி விட்டது, பிள்ளைகள் ஸ்வெட்டர் போடவில்லை, ஒரு பெண்பிள்ளை மட்டும் நிஜமாகவே மெலிகிறாள், அவள் தாய் வெளிநாடு போய்விட்டாள் என்று எழுதியிருந்தாள்.

“இவ்வளவு நாளா ஸ்வெட்டரோடயா எடை பார்த்த?”

“பின்ன? அந்தப் பனியில கழட்டுனா தாய்மாருங்க என்னைச் சும்மா விடுவாங்களா?”

சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். பனி போயிற்று, ஸ்வெட்டர் போயிற்று. “படத்துல இருக்கிறத மட்டும் எழுதணும்க்கா” என்றேன். அந்தப் பெண்பிள்ளையின் வரிக்கு வந்தபோது அக்கா அதன்மேல் விரலை வைத்து, “இது மட்டுமாவது இருக்கட்டும் தம்பி” என்றாள். நான் கேட்டால்தானே, அதையும் அடித்தேன். மார்ச் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளின் எடையும் கணிசமாகக் குறைந்தது என்று வழுவழுப்பான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எனக்கே அது பிடித்திருந்தது.

இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா, உடனே எழுத்தில் விளக்கம் தரவும். அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். பதிலை நானே எழுதித் தருகிறேன் என்று பதறினேன்.

“நீ எழுதினது போதும்டா. நான் புள்ளைங்கள பட்டினி போட்ட மாதிரி ஆயிருச்சு. அது கெடக்கட்டும், அந்தப் புள்ள இன்னைக்கும் ஒரு வாய் சாப்பிடல.”

அவளே உட்கார்ந்து எழுதினாள். ஸ்வெட்டர், பனி, வெளிநாடு போன தாய் எல்லாம் மறுபடியும் வந்தன. வாக்கியத்துக்கு வாக்கியம் பிழை. இந்தத் தடவை நான் பேனாவை எடுக்கவில்லை. ஒரு கோடு ஏன் இறங்கியது என்று இத்தனை வருடத்தில் ஒரு மாணவனிடமும் நான் கேட்டதில்லை. அதற்கு மார்க் கிடையாது. வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு டொக்டரும் மிட்வைஃபும் காம்பராவுக்கு வந்தார்கள். சமையலறையைச் சோதிப்பார்கள் என்று அக்கா பயந்துகொண்டு நின்றிருக்கிறாள். டொக்டர் கையில் அவளுடைய கடிதம் இருந்ததாம். உள்ளே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதானாம்: “தாய் வெளிநாடு போன பிள்ளை எங்கே?”