வேரோனிக்காவின் ஆயிரத்து எழுநூற்றுப் பதினொன்று

வேரோனிக்கா சுருதி பிடிக்கும் இசைக்கவையை முழங்காலில் ஒருமுறை தட்டுகிறார். காதோரம் பிடித்துக் கண்ணை மூடுகிறார். அதன் நாதம் அடங்கும்வரை மூச்சுக்கூட விடுவதில்லை. பிறகு அதைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குத் தலையை ஆட்டுகிறார். நான் ஒலிவாங்கியைத் திறக்கிறேன். "மரண அறிவித்தல்" என்று தொடங்குகிறது அந்தக் குரல். கனடாவில், ஸ்காபரோவிலும் பிக்கரிங்கிலும் சமையலறைகளில் அதைக் கேட்பதற்காகத் தண்ணீர்க் குழாய்கள் மூடப்படும் நேரம் அது.

ஒரு மரணத்துக்கு ஒரு தட்டு. அன்று நான்கு அறிவித்தல்கள் இருந்தால் நான்கு முறை தட்டுவார். வாசிக்க ஒரு மரணம் இல்லாமல் ஒருநாளும் தட்டியதில்லை. எதற்கு இந்த வேலை என்று வந்த புதிதில் கேட்டேன்.

"தேவாலயப் பாட்டுக்குழுவில பழகினது. ஒரு சுருதியில நிண்டாத்தான் சரி. பெரிய வைத்தியர் செத்தா குரல் ஒரு மாதிரி, பாத்திரம் கழுவினவர் செத்தா இன்னொரு மாதிரி வரக்கூடாது. எல்லாருக்கும் ஒரே சுருதி."

வேரோனிக்கா மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் பிறந்தவர். பிக்கரிங்கில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றார். தையல் நேராகப் போகிறதா என்று பார்த்த கண்ணால்தான் இப்போது அறிவித்தல்களைப் பார்க்கிறார். பிளாசாவின் மேல்மாடியில், புடைவைக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன வானொலி நிலையத்துக்குக் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுவார். கோடையிலும் குளிர்மேலாடையைக் கழற்றமாட்டார். போத்தலில் இஞ்சி போட்ட வெந்நீர். வாசிப்பு முடியும்வரை வேறெதுவும் வாயில் படாது.

அவரைக் கொண்டுவந்து விடுபவர் கணவர் நீக்கிலாப்பிள்ளை. காரைவிட்டு இறங்காமல் கீழேயே காத்திருப்பார். "இவவுக்கு நான் உயிரோட இருக்கிறதுதான் ஒரு குறை. செத்திருந்தா எவ்வளவு வடிவா வாசிச்சிருப்பா!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். வேரோனிக்கா இதற்குச் சிரிப்பதில்லை. "உங்களுக்கு நான் இப்பவே எழுதி வைச்சிருக்கிறன், மரியாதையா இருங்கோ" என்பார்.

அவருடைய சட்டங்கள் இரண்டு. ஊர்ப்பெயரை விழுங்கக்கூடாது என்பது ஒன்று. மற்றது, குடும்பத்தில் இரண்டு பேர் ஒவ்வொரு சொல்லுக்கும் சம்மதம் சொல்லாமல் எந்த அறிவித்தலையும் வாசிக்கக்கூடாது. ஒருமுறை யாரோ கோபத்தில், உயிரோடு இருந்த ஒரு மருமகனைச் செத்தவர்களோடு சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மருமகன் மறுநாள் நேரே நிலையத்துக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து, "என்னை வடிவாப் பாருங்கோ" என்றார். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. நிலைய உரிமையாளர் இராசரத்தினம் கெஞ்சினாலும் தளராது.

இப்படிப்பட்டவர் ஆயிரத்து எழுநூற்றுப் பதினோராம் ஆண்டுக்குள் போய்ச் சேர்ந்தது ஒரு திருநாளால். அந்த ஆண்டு கண்டியில் மரித்த புனித யோசேவ் வாஸின் நினைவுநாள் சனவரியில் வரும். அவரைப்பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் இராசரத்தினம். வேரோனிக்காவுக்குப் பேச்சு எழுத வராது. தெரிந்த ஒரே முறையில் எழுதினார். இசைக்கவையைத் தட்டினார். "கோவாவைப் பிறப்பிடமாகவும், கண்டியை வதிவிடமாகவும் கொண்ட வணக்கத்துக்குரிய யோசேவ் வாஸ் அடிகளார் சனவரி பதினாறாம் திகதி காலமானார்" என்று வாசித்தார். ஆண்டை அவர் சொல்லுமுன் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"உடலைப் பார்வைக்கு எங்க வைக்கினம், பிள்ளை?" என்று ஒரு முதியவர் கேட்டார்.

"அங்கிள், பார்வை முடிஞ்சு முந்நூறு வருசமாச்சு" என்றேன்.

"அறிவிக்கப் பிந்திப் போச்சுதோ?"

இராசரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேரோனிக்கா சிரிக்கவில்லை. அந்த வருடத்தில் அடிகளாரோடு வேறு யாரெல்லாம் போனார்கள் என்று தேடத் தொடங்கினார். நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களாக வந்தன. ஆங்கிலத்தை விரல் வைத்துத்தான் வாசிப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போகும். ஒரு புத்தகத்தில் கண்டதை இன்னொன்றில் காணும்வரை நம்பமாட்டார். அங்கேயும் இரண்டு சாட்சி வேண்டும்.

சனிக்கிழமைகளில் அறிவித்தல்களுக்கு முன் ஐந்து நிமிடம் அவருக்கென்று ஆனது. ஏப்ரலில் பிரான்சின் பட்டத்து இளவரசர் அம்மையில் போனார். அதே கிழமை, பிரான்சை எதிர்த்துப் போரில் நின்ற பகுதியின் தலைவர், வியன்னாவின் பேரரசர், அதே அம்மையில் போனார். "சண்டை ரெண்டு பகுதிக்கும். அம்மைக்கு ஒரு பகுதிதான்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். யூலையில் ரஷ்யாவின் ஜார் மன்னர் புரூத் ஆற்றங்கரையில் துருக்கியர் படைக்கு நடுவே அகப்பட்டார். அந்தக் கதையைப் பாதியில் விட்டபடியால் ஒரு கிழமை முழுவதும் மீன்கடையில் வேரோனிக்காவை மறித்து, "அக்கா, அந்த ராசா தப்பினவரோ?" என்று கேட்டார்கள். "சனிக்கிழமை கேளுங்கோ" என்பதுதான் பதில். பிரெஞ்சுக் கப்பல்கள் ரியோ நகரத்தைப் பிடித்து, கப்பம் வாங்கிக்கொண்டு ஊர்ச்சனத்திடமே திருப்பிக் கொடுத்த கதையைச் சொன்னபோது ஒருவர் தொலைபேசியில், "உது எங்கயோ கேட்ட கதை மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டு வைத்துவிட்டார். வேரோனிக்காவின் கையிலிருக்கும் இசைக்கவையைக்கூட லண்டனில் ஓர் எக்காளக்காரர் அந்த ஆண்டில்தான் உருவாக்கினார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அதைக் கண்டுபிடித்த அன்று மட்டும் இரண்டாவது கோப்பை இஞ்சித் தண்ணீர் குடித்தார்.

"அக்கா, பன்னிரண்டாம் ஆண்டுக்குப் போவமே? சனத்துக்கு அலுத்திடும்" என்றார் இராசரத்தினம்.

"இந்த வருசத்தில இன்னும் ஆக்கள் இருக்கினம், தம்பி. அரைவாசியில விட்டிட்டு வரேலாது."

அந்த ஆக்கள் யார் என்பது செப்ரெம்பரில் தெரிந்தது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து கியூபெக்கைப் பிடிக்க வந்த ஆங்கிலக் கப்பல்கள் சென் லோரன்ஸ் நதியின் வாயில் மூடுபனிக்குள் வழிதவறின. தெற்குக் கரைப்பக்கம் நிற்பதாக நினைத்தவர்கள் வடக்குக் கரையில் போய் மோதினார்கள். முட்டைத் தீவு என்ற இடத்தில் எட்டுக் கப்பல்கள் உடைந்தன. சிப்பாய்கள், மாலுமிகள், கூடவந்த பெண்கள் என்று எண்ணூறு பேருக்கு மேல் தண்ணீரோடு போனார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் அவர் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

திகதியிலும் சிக்கல். ஆங்கிலேயர் அந்த இரவை ஓகஸ்ட் என்று எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர் செப்ரெம்பர் என்றார்கள். இரண்டு நாள்காட்டிக்கும் அப்போது பதினொரு நாள் வித்தியாசம். ஒன்றை வாசித்தால் போதாதா என்று கேட்டேன். "ரெண்டு பகுதியும் தங்கட தங்கட கணக்கில சரி. தீர்க்கிறதுக்கு நான் ஆர்?" என்று இரண்டையும் வாசித்தார். பெயர் இல்லாதவர்களுக்கு அவர் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "பிறப்பிடம் அறியப்படாத, சென் லோரன்ஸ் நதியை வதிவிடமாகக் கொண்டவர்கள்." அன்று நிலையத்துக்கு ஒரு தொலைபேசியும் வரவில்லை.

அதற்கடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விட்பியிலிருந்து அருள்நாயகம் என்பவர் அழைத்தார். தாய் திரேசம்மா முதல்நாள் இறந்திருந்தார். மறுநாள் மாலை பார்வை. ஆகவே அன்றைய மதிய அறிவித்தலிலேயே வரவேண்டும். வேரோனிக்கா வழக்கம்போல் பிறந்த ஊர், கணவர் பெயர் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். பிள்ளைகளின் பெயருக்கு வந்தார். எங்கள் அறிவித்தல்களில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பிறகும் அவர் இருக்கும் நாடு வரும். இறந்த பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கிவிடுவார்கள்.

"அருள்நாயகம், கனடா. கிளடிஸ், அதுவும் கனடா. நடுவில பிலேந்திரன்" என்றார் அவர். "காலஞ்சென்ற பிலேந்திரன்."

இரண்டாவது சம்மதத்துக்காக மிசிசாகாவில் இருந்த தங்கை கிளடிசையும் அதே அழைப்பில் இணைத்தோம். வேரோனிக்கா எழுதியதை வாசித்துக் காட்டினார். அந்தச் சொல் வந்ததும் கிளடிஸ், "நிப்பாட்டுங்கோ அக்கா" என்றார்.

பிலேந்திரன் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகில் போனவர். படகு அந்தக் கரைக்கும் போகவில்லை, இந்தக் கரைக்கும் திரும்பவில்லை.

"சின்னண்ணை செத்ததெண்டு நான் வாயால சொல்லமாட்டன். அம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் அவருக்குப் போடச் சேட் வாங்கி வைச்சவ. அவவின்ர அறிவித்தலிலயே அவவின்ர பிள்ளையைச் சாகடிக்கப் போறியளோ?"

"விசர்க்கதை கதையாத, கிளடிஸ். முப்பத்தைஞ்சு வருசம். அம்மாவுக்குப் பயந்து நான் அவனுக்கு ஒரு பூசைகூட ஒப்புக்குடுக்கேல்லை. இனியும் ஏலாது."

"அப்ப பேரை எடுத்துவிடுங்கோ."

"பேரை எடுக்கிறதோ? அம்மா பெத்தது மூண்டு!"

"அண்ணை, உங்களுக்கு எப்பவும் முடிச்சுக் கட்டினாச் சரி. அப்பாவின்ர வீட்டையும் இப்பிடித்தானே—"

"வீட்டுக் கதையை இதுக்குள்ள கொண்டுவராத."

மணி பதினொன்றே முக்கால். இராசரத்தினம் கதவடியில் நின்று, அந்தப் பெயரில்லாமலே வாசித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று கையால் காட்டினார். வேரோனிக்கா அவரைப் பார்க்கவே இல்லை. சம்மதம் இல்லாவிட்டால் அந்தத் தாய்க்கு இன்றைக்கு அறிவித்தல் இல்லை. பார்வைக்கு வரவேண்டியவர்களுக்கு நேரத்துக்குத் தெரியவராது. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் குறுக்கே பேசவில்லை; இருவரும் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார்.

"தம்பி, பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். போன மாசம் கப்பல் உடைஞ்சு போன ஆக்களைப்பற்றி வாசிச்சனான். கேட்டனீங்களோ?"

"நான் நானூற்றொண்டு நெடுஞ்சாலையில வரேக்க கேட்டனான்" என்றார் அருள்நாயகம். "காரை ஓரங்கட்டி நிப்பாட்டிப்போட்டன்."



"அவையின்ர இருப்பிடமெண்டு ஆற்றைத்தான் எழுதினனான். எனக்கு உண்மையாத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார் வேரோனிக்கா. "உங்கட தம்பிக்கும் இருக்கிற இடம் ஒண்டு தெரியுந்தானே? அண்ணைக்கும் கனடா, தங்கச்சிக்கும் கனடா எண்டு நாட்டைச் சொல்லுறம். அவருக்கு மன்னார்க் கடல் எண்டு சொல்லுவம். முன்னால ஒரு சொல்லும் வேண்டாம்."

இணைப்பில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"வாசியுங்கோ அக்கா" என்றார் அருள்நாயகம்.

"ரெண்டாவது ஆள் சொல்லவேணும், தம்பி."

"பிலேந்திரன், மன்னார்க் கடல்" என்று கிளடிஸ் தனக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "அம்மா இதுக்கு ஒண்டும் சொல்லமாட்டா. வாசியுங்கோ."

பன்னிரண்டு மணிக்கு வேரோனிக்கா இசைக்கவையை முழங்காலில் தட்டினார். நாதம் அடங்கியதும் தலையை ஆட்டினார். பேசாலையைப் பிறப்பிடமாகவும் விட்பியை வதிவிடமாகவும் கொண்ட திருமதி திரேசம்மா சந்தியோகு அவர்களை வாசித்தார். அருள்நாயகம், கனடா. பிலேந்திரன், மன்னார்க் கடல். கிளடிஸ், கனடா. ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார். குரல் எங்கும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பார்வை நேரத்தையும் பூசை நேரத்தையும் இரண்டு முறை சொல்லி முடித்தார்.

முடிந்ததும் நான் இசையைப் போடவேண்டும். விரல் பொத்தானில் இருந்தது. வேரோனிக்கா கண்ணாடிக்கு அப்பாலிருந்து உள்ளங்கையைக் காட்டி மறித்தார். அன்றைக்கு வேறு அறிவித்தல் இல்லை. அவர் முன்னால் வேறு தாளும் இல்லை. இசைக்கவையை எடுத்து முழங்காலில் இன்னொருமுறை தட்டி, காதோரம் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.