அண்ணன் ராவிய பல்

அண்ணன் மேல் எனக்குள்ள கோபம் ஆறிவிடும் என்று யாராவது சொன்னால், அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வருகிறது.

என் ஆய்வுக்காக அரியலூர்ப் பக்கம் மண் சலித்தபோது கிடைத்த பல் அது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அந்த மண்ணில் சுறாப்பல் தாராளமாகக் கிடைக்கும். டைனோசர் பல் அபூர்வம். சுறாப்பல் தட்டையாக இருக்கும், அடியில் வேர் கவட்டை போலப் பிரியும். இதற்கு வேரே இல்லை. பின்பக்கமாக வளைந்து, நடுவில் தடித்து, அடியில் ஒரு குழி. இரண்டு விளிம்பிலும் கதிர் அறுக்கிற பன்னரிவாள் மாதிரி பொடிப்பொடியான வெட்டுகள். டைனோசர்தான், சந்தேகமில்லை. எந்த டைனோசர் என்பதை அந்த வெட்டுகளின் வடிவமும் நெருக்கமும்தான் சொல்ல வேண்டும். என் ஆய்வு முழுக்க அதை நம்பித்தான் கிடந்தது. எங்கள் துறையின் நுண்ணோக்கி பழுது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் திங்கட்கிழமை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

பல்லைப் பஞ்சில் பொதிந்து, மாத்திரை டப்பாவில் போட்டு, அலமாரியில் வைத்தேன். மறுநாள் பக்கத்து ஊரான கருங்கல்லில் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் டப்பா காலி.

“மைனி, இதில இருந்தது எங்க?”

அண்ணன் மனைவி சிரித்த முகத்தோடு கைப்பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அரைஞாணில் செம்புக் கம்பி சுற்றித் தொங்கியது என் பல். மாதாவே!

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பயந்து அழுதால் அத்தைக்காரி சுறாப்பல் கொண்டுவந்து தருவாள். தோலைக் கீறாமலிருக்க விளிம்பை அரத்தால் ராவிவிட்டுக் கட்டுவார்கள்.

“அத்தைக்காரி மருமவளுக்குக் கொண்டாந்திருக்கான்னு நெனச்சேன். பிள்ளைக்க தோலு கீறப்பிடாதுன்னு நல்லா ராவியாக்கும் கெட்டினேன்” என்றான் அண்ணன், பெருமையாக.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அது சுறாப்பல்லு இல்ல அண்ணே, டைனோசருக்க பல்லு!”

“ஏட்டி, கடல்ல கெடக்கவனுக்குச் சுறாப்பல்லு தெரியாதா? பெரிய படிப்பு படிச்சிட்டா!”

“அப்போ வேரு எங்க? சுறாவுக்குக் கவட்ட வேரு உண்டா, இல்லியா? சொல்லு!”

குனிந்து பார்த்தான். அடிக்குழியையும் வள்ளத்து ஓட்டை அடைக்கிற பசையால் நிரப்பி வைத்திருந்தான், படுபாவி. “ஒடைஞ்சு போயிருக்கும்” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலை எடுத்து அரைஞாணை வெட்டினேன். பிள்ளை வீறிட்டது.

“எனக்க பிள்ளைய விட ஒனக்கு அந்தச் செத்த பல்லு பெருசா?” என்றான் அண்ணன்.

“பெருசுதான்! போ!”

கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தால் மட்டும் போனது திரும்பி வந்துவிடுமா?

திங்கட்கிழமை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். திருப்பித் திருப்பி வைத்தேன். இரண்டு விளிம்பும் வழவழவென்று இருந்தன. அரம் ஓடிய கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

‘இறைச்சி தின்னும் டைனோசர். இனம் அறிய இயலவில்லை’ என்று என் கையாலேயே ஆய்வேட்டில் எழுதினேன். இயலாமல் என்ன? அண்ணன் அரத்தைக் கையில் எடுக்கிறவரை இயன்றதுதான்.