பதினொரு வருஷ அனுபவம்

அனுபவம் என்ற சொல்லை யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வேலைக்கான நேர்காணலில் எதிரே இருப்பவர் "எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்கும்போதெல்லாம், கடியப்பட்டணம் கடற்கரையில் வலை பழுதுபார்க்கும் கொட்டகைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்பது வயதில் அந்தக் கொட்டகையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

என் சித்தப்பா சென்னையில் சினிமாவில் இருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் விவரம் சொல்ல மாட்டார்கள். ஊர் அதை டைரக்டர் என்று எடுத்துக்கொண்டது. அப்பாவும் அதை மறுக்கவில்லை. ஐஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே, "தம்பிக்கு அடுத்த வருஷம் சொந்தப் படம்" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் சித்தப்பா ஒரு பெரிய இயக்குநரிடம் உதவியாளர். வசனத் தாள்களைத் தூக்கிக்கொண்டு நடிகர்களின் பின்னால் ஓடுவது அவர் வேலை. முப்பத்து நாலு வயதில் அவருக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெண் அமைந்தது. பெண் வீட்டாருக்கு 'டைரக்டர் மாப்பிள்ளை' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று பூசையில் சாமியார் படிப்பார். சித்தப்பாவுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. யாராவது எழுந்திருக்கிறார்களா என்று நான் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள்.

அந்த வாரம் ஊரில் வேறொரு பெரிய கவலை இருந்தது. எங்கள் பையன்கள் உயிரை விடுகிற நடிகரின் சண்டைப் படம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெளிவர இருந்தது. இயக்குநர் புதியவர். அதற்கு முன் ஒரே ஒரு படம்தான் எடுத்திருந்தார், அதுவும் அப்பா மகள் பாசக் கதை. இப்படிப்பட்டவரை நம்பித் தலைவர் கெட்டுப்போவாரா மாட்டாரா என்று ரசிகர் மன்றம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கடலுக்குப் போகாத மத்தியானங்களில் கொட்டகையில் உட்கார்ந்து, டிரெய்லரைச் செல்போனில் திரும்பத் திரும்பப் போட்டு, சண்டை பிடித்தார்கள். ஃப்ளெக்ஸ் மட்டும் இரண்டு கட்சிக்கும் பொதுவாக முன்பே அடித்து வைத்திருந்தார்கள்.

சித்தப்பா ஊரில் இருப்பது தெரிந்ததும் அவரைக் கூட்டிவர ஆள் வந்தது. அவர் போனார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். இயக்குநர் மேல் நம்பிக்கை இல்லாத கட்சிக்கு முன்னால் நின்றது யார் என்றால், எனக்குச் சித்தியாக வரப்போகிறவரின் தம்பி. பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்திருந்தார்.

"வாங்க அத்தான், நீங்களே சொல்லுங்க" என்று இடம் கொடுத்தார். "ஒத்தப் படம் எடுத்தவனுக்கு என்ன அனுபவம் உண்டு? கடலைக் காணாதவன் கையில எவனாவது வள்ளத்தைக் குடுப்பானா?"

"லேய், நீ மட்டும் வயித்துக்குள்ள இருந்தே துடுப்பு வலிச்சியா? போனாத்தானே அனுபவம் வரும்" என்று வலை முடிந்துகொண்டிருந்த ஒருவர் எதிர்க்கட்சியிலிருந்து கத்தினார்.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் மணலைப் பார்த்தார். "அவனுக்குத் தெரியும். நல்லா பண்ணுவான்" என்றார்.

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்லுதிய?"

"கொஞ்சம் பழக்கம் உண்டு."

அதோடு நிறுத்திவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாள்தான், அம்மா சாளைக்குச் செதில் உரசிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டிருந்தேன். அந்த இயக்குநர் இவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து, நாலே வருஷத்தில் சொந்தப் படம் எடுக்கப் போன பையனாம்; இவருக்கு இது பதினொன்றாவது வருஷமாம். கிளாப் பலகையை எப்படிப் பிடிப்பது என்பதையே இவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். சொல்லிவிட்டுச் சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்புப் பிள்ளையைவிடப் பெரியது என்று தெரிந்த எனக்கு, பதினொன்று நாலைவிட எவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

"எங்க சித்தப்பாக்க கிட்டதான் அவரு படிச்சாரு!" என்று கத்தினேன். "அவருக்கு நாலு வருசந்தான். சித்தப்பாக்குப் பதினொண்ணு வருசம் அனுபவம் உண்டு. இப்பவும் அசிஸ்டென்ட்டாத்தான் இருக்காரு!"

கடைசி வாக்கியத்தை நான் இரண்டு தடவை சொன்னேன். அசிஸ்டென்ட் என்பது இங்கிலீஷ் சொல், ஆகவே பெரிய பதவி என்பது என் எண்ணம். சித்தப்பா என் விரலை ஒருமுறை அழுத்தினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

அந்தத் தம்பி சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "பதினொண்ணு வருசமா? இன்னும் படிச்சு முடியலியா?" என்றார். யாரோ சிரித்தார்கள். உடனே எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அந்தத் தம்பி மற்றவர்கள் பக்கம் திரும்பி, "மக்கா, நாலே வருசத்துல ஒருத்தன் இவரைத் தாண்டிப் போயிருக்கான்னா, அவன்கிட்ட சரக்கு இல்லாமலா? படம் ஓடும்லேய்!" என்றார்.

விவாதம் அத்துடன் முடிந்தது. இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டன. ஒரு வாரமாக யாராலும் தீர்க்க முடியாத சந்தேகத்தை என் சித்தப்பாவைக் காட்டித் தீர்த்துக்கொண்டார்கள். அந்தப் பாவிகளுக்குத் தலைவர் பிழைத்தால் போதும், பக்கத்தில் ஒரு ஆள் செத்தால் என்ன? வந்தபோது அத்தான் என்று கூப்பிட்ட தம்பி, பைக்கை எடுக்கும்போது "வாறேன் அண்ணே" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய், சித்தப்பா சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். நடந்ததை முழுதாகச் சொல்ல வைத்தாள். "அந்தப் பொண்ணுக்க தம்பியும் இருந்தானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவைத் தேடிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் இரண்டு கல்யாணங்களுக்கு ஓலை வாசித்தார். சித்தப்பாவின் பெயர் வரவில்லை. "அம்மா, சாமியார் விட்டுட்டாரு" என்று நான் உரக்கச் சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் சித்தப்பா நின்றிருந்தார். பூசை முடியும்வரை நின்றார், எல்லாரோடும் சேர்ந்து பாட்டும் பாடினார்.

படம் வந்தது. ஓடு ஓடென்று ஓடியது. முதல் நாளே நாகர்கோவிலுக்குச் சித்தப்பா என்னைக் கூட்டிப்போனார். இயக்குநர் பெயர் திரையில் வந்தபோது எங்கள் ஊர்ப் பையன்கள் காகிதத்தைக் கிழித்து வீசினார்கள், பக்கத்து ஊர்த் தம்பி நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார். சித்தப்பாவும் கை தட்டினார். அவர் தட்டுகிறாரே என்று நானும் தட்டினேன். இடைவேளையில் எனக்குப் பப்ஸும் கூல்டிரிங்கும் வாங்கித் தந்தார். "உங்களுக்க பேரு எப்பம் வரும் சித்தப்பா?" என்று கேட்டேன். "தின்னு மக்களே, ஆறிப்போவும்" என்றார். மூன்று மாதத்தில் கத்தாருக்குப் போனார், ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கும் வேலைக்கு. அதன்பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் அவர் சினிமா பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அந்தப் பதினைந்து நாளில் அம்மா என்னைக் கிள்ளினாள், அப்பா என்னோடு பேசவில்லை. சித்தப்பா மட்டும் ஒரு சொல் திட்டவில்லை. நான் தப்பு செய்திருந்தால் முதலில் திட்டுபவர் அவராகத்தானே இருப்பார் என்று எனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அம்மா அப்பா மேல்தான் நான் வெகுநாள் கோபமாக இருந்தேன்.