கிடாவின் காதை நான் வெட்டிய கதை

எங்கள் அப்பாவுக்கு மாடு என்றால் மரியாதை, ஆடு என்றால் இளக்காரம். திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் ஊர். ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல், இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்படி இரண்டு வருஷம் உட்கார்ந்த பிறகு, கடப்பாக்கத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போன அம்மா, இரண்டு பெட்டை வெள்ளாடுகளோடு மீன் வண்டியில் வந்து இறங்கினாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாமே இது, மானம் போவுது. ஒரு கறவ மாடு வாங்குனா நாலு பேரு மதிப்பான்.”

“மாட்டுக்கு வைக்கோலு யாரு குடுப்பா? இதுங்களுக்கு வேலிக்காத்தான் நெத்து போதும். ரெண்டு ரெண்டா குட்டி போடும். ஒரு அவசரம்னா ஒண்ண புடிச்சிக் குடுத்துட்டு மிச்சத்த மேய்ச்சிக்கலாம். மாட்டுல ஒரு கால மட்டும் விக்க முடியுமா?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷத்தில் ஆடுகள் ஒன்பது ஆயின. அதில் நெற்றியில் வெள்ளை விழுந்த செந்நிறக் கிடா ஒன்று என் செல்லம். கணக்கு நோட்டில் நான் தப்பாகப் போட்ட பக்கங்களை அது தின்றுவிடும். நாலாம் வகுப்பில் அதைவிடப் பெரிய உதவியை எனக்கு யாரும் செய்ததில்லை. செங்கல்பட்டு பாய் ஒருவர் அதைப் பார்த்து, பக்ரீத்துக்குத் தனக்கே வேண்டும் என்று ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போனார்.

“இந்தக் கிடா நல்ல வெலைக்குப் போச்சுன்னா ஆடுங்க இருக்கட்டும். இல்லாங்காட்டி அல்லாத்தையும் சந்தைக்கு ஏத்திட்டு மாடு வாங்கிடுவேன், சொல்ட்டேன்” என்றார் அப்பா. நான் காதில் வாங்கியது கிடா போகிறது என்பதை மட்டும்தான்.

எங்கள் ஊரில் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக் காது நுனியை வெட்டிவிடுவார்கள். அதை யாரும் விலை பேசமாட்டார்கள். பயிரில் வாய் வைத்தாலும் அடிக்கமாட்டார்கள். எனக்கு அது போதும். ஆடி மாதம் கோயிலில் அதற்கு என்ன நடக்கும் என்பதை யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இல்லை. பாய் வருவதாகச் சொன்ன நாள் காலை, பென்சில் சீவும் பிளேடால் கிடாவின் காது நுனியை வெட்டிவிட்டேன். அது கத்தியது, நானும் கூடவே அழுதேன். பிறகு மஞ்சள் தூளை அப்பிவிட்டேன்.

பாய் வந்தார். பல்லைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், காதைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

“கிடா நல்ல கிடாம்மா. பக்ரீத்துக்குக் குர்பானி குடுக்கற ஆட்டுக்கு ஒடம்புல கொற இருக்கக்கூடாது. காது வெட்டுப்பட்டுகீதே.”

அவர் வண்டி திரும்பியபோது எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. அப்பா நிதானமாக, “வர்ற வெள்ளிக்கெழம வண்டி சொல்லிடறேன். ஒம்பதும் போவட்டும்” என்றார். ஒன்றைக் காப்பாற்றப் போய் ஒன்பதுக்கும் உலை வைத்தவள் நான்தான்!

பையில் பிளேடைப் பார்த்த அம்மாவிடம் தப்பமுடியவில்லை. “ஆட்டுக்கு வால அளந்துதான்டி வச்சிருக்கான் சாமி. ஒன் கையில பிளேட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்” என்று கையை ஓங்கினாள். அடி விழவில்லை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். அப்பாவிடம், வேலியில் மாட்டிக் காது கிழிந்தது என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கிடாவைக் காணோம். மற்ற எட்டும் இருந்தன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சவுக்குக் கழிகளால் ஆடுகள் ஏறிப் படுக்கப் பரண் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

“கிடா எங்கப்பா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “அது... அத்த வூட்டுக்கு மேயப் போய்கீது” என்றார்.

நடந்தது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு குடும்பம், பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தது. விருந்துக்கு அவசரமாகக் கிடா தேடி வந்தார்கள். அப்பாவே காதைக் காட்டியிருக்கிறார். பந்தியில் யாரும் காதைக் கேட்கப் போவதில்லை என்று சிரித்தபடி, பாய் சொன்ன விலைக்குக் கொஞ்சம்தான் குறைத்துக் கொடுத்தார்களாம். வந்த சந்தை வண்டியை அப்பா வெறுமனே திருப்பி அனுப்பினார். “காதே இல்லாங்காட்டியும் வாசலுக்கு வந்து வாங்கினு போறான். மாடு போவுமா இப்டி?” என்று டீக்கடையில் ஒரு வாரம் அதையே பேசினாராம்.

அதற்குப் பிறகு எங்கள் ஆடுகள் இருபதைத் தாண்டின. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலோ லீவு நாளிலோ ஒரு வியாபாரிகூட எங்கள் வாசலை மிதித்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும் நாட்களில்தான் ஒன்றிரண்டு அத்தை வீட்டுக்கு மேயப் போகும். அத்தை இருந்ததோ நாவலூரில், மாடியில் ஒண்டுக்குடித்தனம்.

நானோ, என் பிளேடுக்குப் பயந்துதான் வியாபாரிகள் வருவதில்லை என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.