‘பிதாவே’ என்று தொடங்க வேண்டியவர்

என் அக்கா நதியாவின் புருஷன் சாமுவேல் மாமாவுக்கு ஒரு சொல் வாயில் வராது. ‘பிதா’. ஞாயிற்றுக்கிழமை சபையே எழுந்து ‘எங்கள் பிதாவே’ என்று கூப்பிட்டுத் தொடங்கும் பரமண்டல ஜெபத்தைச் சொல்லும்போது அவர் மட்டும் உதட்டை மூடிக்கொண்டு நிற்பார். கல்யாணமான புதிதில் அவருக்கு ஜெபம் தெரியாது என்று நினைத்தேன். எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய அப்பா டேனியல் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் இருக்கிறார். அவர் ஜெபித்தால் பெண்கள் அழுவார்கள். "அப்பா, பிதாவே" என்று கூப்பிடும் குரல் அப்படி. வீட்டுக்குப் போனதும் அதே குரல் மகனைக் கூப்பிடும். அடுத்து பெல்ட் வரும். சின்ன வயதில் ஒருமுறை மாமாவை மழையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே குடும்ப ஜெபம் நடத்தினாராம். மாமா வெளியே நனைந்துகொண்டே அதைக் கேட்டாராம்.

இதை அக்கா சொன்னதிலிருந்து என்னாலும் அந்த ஜெபத்தை நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதால் இதே யோசனைதான். கடவுளை முதலில் அப்பா என்று கூப்பிட்டவர்கள் எந்த அப்பாவைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்? நல்ல அப்பா கிடைக்காதவன் என்ன சொல்லிக் கூப்பிடுவான்?

அக்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் தெளித்ததும், குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு தகப்பன்தான் அந்த ஜெபத்தைத் தொடங்க வேண்டும். சபை பிறகு சேர்ந்துகொள்ளும். மாமா தயங்கியதைப் பார்த்த போதகர், "முடியலன்னா தாத்தா தொடங்கட்டும்" என்றார். டேனியல் அன்றைக்கே போன் செய்தார். "எம் பேத்திப்பா. நான் தூக்கிக்கினு சொல்றேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாமாவும் ஜியாவுதீன் பாயும் சேர்ந்து வண்டி சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க மாமா தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்தார். நான் சாப்பாடு கொண்டுபோன அன்று திடீரென்று கேட்டார்.

"பாய், உங்கள்ல அல்லாவை அப்பான்னு சொல்வீங்களா?"

"தௌபா! சொல்லவே மாட்டோம். அவனுக்குப் புள்ளையும் இல்ல, பெத்தவனும் இல்ல."

"குடுத்து வச்சவங்க."

சீட்டுக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் ராமராஜன் சிரித்தார். "எங்களுக்குத் தகராறே இல்லபா. இந்த ஊர்ல அப்பன் ஏகாம்பரம் ஒரு பக்கம், அம்மா காமாட்சி ஒரு பக்கம். ஒருத்தர் கோச்சுக்கினா இன்னொருத்தர்கிட்ட போயிடலாம்."

"எனக்கு ஒரே வீடு" என்றார் மாமா.

பாய் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அப்போ உங்க நைனாவே சொல்லட்டும். நல்ல குரலாமே?" என்றார். மாமா ரெக்சினைத் தரையில் வீசிவிட்டு எழுந்து போய்விட்டார். சாப்பாட்டைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டேனியல் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டாள். "ஜெபிப்போம்" என்றதும் எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மாமாவும் மூடவில்லை. ஜெபத்தைத் தொடங்கவும் இல்லை. யாரோ இருமினார்கள். டேனியல் எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுப்பா. நான் சொல்றேன்."

மாமா குழந்தையைத் தோளோடு இழுத்துக்கொண்டார். அவள் தலையைப் பார்த்தபடி, துருப்பிடித்த ஆணியைப் பிடுங்குவதுபோல, அந்தச் சொல்லைச் சொன்னார். குரலில் அழகே இல்லை. ஆனாலும் சபை சேர்ந்துகொண்டது. டேனியலின் கைகள் கீழே இறங்கின.

பிறர் செய்த தப்பை நாங்கள் மன்னிப்பதுபோல, என்று ஜெபத்தில் ஓர் இடம் வரும். அங்கே மாமா நின்றுவிட்டார். சபை சொல்லிக்கொண்டே போனது. அந்த வரி முடியும்வரை அவர் உதடு மூடியே இருந்தது. அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டார். பக்கத்தில் நின்ற டேனியல் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். அதற்கப்புறம் அவருடைய குரல் எனக்குக் கேட்கவில்லை.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டேனியல் மெதுவாக வந்தார். "ஒரே ஒரு தபா தூக்கட்டுமா?"

மாமா பெஞ்சைக் காட்டினார். "உக்காருங்க."

பெஞ்சில் உட்கார்ந்தவரின் மடியில் குழந்தையை வைத்தார். ஆனால் அவள் தலைக்கு அடியில் இருந்த தன் கையை மாமா கடைசிவரை எடுக்கவில்லை.