மண்ணையும் மக்களையும் காப்போம்

தேயிலைக் கம்பனியொன்றின் கண்டி அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். ‘நிலைபேறான எதிர்காலத்துக்காக மண்ணையும் மக்களையும் காப்போம்’ என்ற எங்கள் விழுமியக் கூற்றைத் தமிழாக்கியவள் நான்தான். தோட்டத்து ஆட்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லி, படிவக் கட்டோடு என்னை மடுல்கெல்லப் பக்கம் அனுப்பினார்கள்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் முதலாவதில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கதிரை போட்டு உட்கார வைத்தார். வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்குங்க மிஸ். கொஞ்சம் பின்னால வாங்க.”

லயத்துக்குப் பின்னால், மேட்டு நிலத்தில் ஒரு வெடிப்பு. நீளமாக, வளைந்து போயிருந்தது. அக்கா ஒரு கம்பை உள்ளே விட்டார், முழுக்கம்பும் இறங்கியது. குனிந்தபோது அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“போன மாசம் இதுக்குள்ள ஒரு விரல்தான் நுழைஞ்சுச்சு. தோட்டத்த நடத்துற துரைகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டோம்.”

மழை தூறத் தொடங்கியது. கீழே பதினாறு வீடுகள். உண்மையைச் சொன்னால், ஓடிப்போய், வந்த வேனில் ஏறத்தான் தோன்றியது.

மேலதிகாரிக்கு அழைத்தேன். “அதெல்லாம் உங்க வேலை இல்ல. படிவத்தை நிரப்பிட்டு வாங்க” என்றார். அந்தக் குரலுக்கும் பயந்தேன். வேலை போனால் என்ன செய்வது என்று மனம் அடித்துக்கொண்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலர் கிராம சேவகரின் தொலைபேசி இலக்கத்தை அவரிடமே வாங்கி அழைத்தேன்.

கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். வெடிப்பைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. “எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க, இப்பவே!”

சிலர் மாட்டை விட்டுவிட்டு வரமாட்டோம் என்றார்கள். அக்கா திட்டித் திட்டி இழுத்து வந்தார். நான் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை மண் இறங்கியது. ஐந்து வீடுகள் போயின. அவற்றில் ஒருவரும் இருக்கவில்லை.

செய்தி கேட்டு அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். மறுநாள், மேலதிகாரி சொன்னதை மீறியதற்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. கிராம சேவகரின் அறிக்கை வந்திருந்ததால் இருக்கலாம்.

குடும்பங்கள் இன்னும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் இருக்கின்றன. மழை கனத்தால் அக்காவுக்கு அழைத்து, எல்லாரும் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்கிறேன்.